புழுதிக்குள் ஒரு பெரட்டு

இலங்கை மலைநாட்டில், மடுல்சீமைக்கு மேலே, கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்தில் சடையன் தப்புப் பறையை எடுத்து அடித்தால்தான் பொழுது விடியும். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில், லயத்துக்கு லயம் நடந்து அவன் அடிக்கிற அடியில் ஆணும் பெண்ணும் எழுந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு போய்க் களத்தில் வரிசையாக நிற்பார்கள். துரை குதிரையில் வருவார். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மலையில் வேலை என்று பிரித்து அனுப்புவார். அதுதான் பெரட்டு. பெரட்டுக்கு வராதவனுக்கு அன்றைக்குப் பேர் கிடையாது, கூலியும் கிடையாது.

சடையனின் மகன் அழகையாவுக்கு அந்தத் தப்பைக் கண்டாலே ஆகாது. அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தால் அவன்தான் அடிக்க வேண்டும். அப்பாவை விட நன்றாகவே அடிப்பான். அடித்து முடித்ததும் மலையிலிருந்து பீலி வழியே கொட்டும் தண்ணீரில் கையை நீட்டி நெடுநேரம் கழுவுவான். தோட்டத்தில் எல்லோருக்கும் அவன் “தப்படிக்கிறவன் மகன்”தான். அவனுக்கென்று ஒரு பேர் இருப்பது அவன் அம்மா வேலாயிக்கு மட்டும் ஞாபகம் இருந்தது.

ஜெர்மன்காரனோடு சண்டை தொடங்கிய மறு வருஷம், பெரிய கங்காணி நல்லையா ஆள் சேர்க்க இந்தியாவுக்குக் கிளம்பினார். தொழில் பழகட்டும் என்று தம் ஒரே மகன் ரெங்கசாமியைக் கூட்டிக்கொண்டார். சந்தையில் கூட்டம் சேர்க்கத் தப்பு வேண்டுமே என்று அழகையாவையும் கூட்டிக்கொண்டார். ரெங்கசாமிக்கும் அழகையாவுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஒருவன் பட்டுக்கரை வேட்டியோடு முன்னே நடந்தான். மற்றவன் பெட்டியைத் தலையிலும் தப்பைத் தோளிலும் சுமந்து பின்னே நடந்தான்.

முசிறிச் சந்தையில் அன்றைக்கு ஆள் பிடிக்க இன்னொரு கூட்டமும் வந்திருந்தது. சாலைக்கு இந்தப் பக்கம் புளியமரத்தடியில் கங்காணி நின்றார். அந்தப் பக்கம் திருச்சியிலிருந்து வந்த பட்டாளத்துக்காரர்கள் கொடி நட்டிருந்தார்கள். மழை பொய்த்த வருஷம். சந்தைக்கு வந்த இளவட்டங்கள் எல்லாருமே எங்கேயாவது போய்விடத் தயாராக இருந்தார்கள். எங்கே என்பதுதான் கேள்வி.

“அடிடா,” என்றார் கங்காணி.

அழகையா அடித்தான். கூட்டம் இந்தப் பக்கம் வந்தது. கங்காணி குளிர்ந்த காற்றையும், அரிசிச் சோற்றையும், தகரக்கூரை வீட்டையும் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அந்தப் பக்கம் புல்லாங்குழல் மாதிரி இல்லாமல் காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு பித்தளைக் குழலை ஊதினார்கள். கூட்டம் அப்படியே திரும்பி அங்கே ஓடியது. கங்காணி முறைத்தார். அழகையா அடியை மாற்றினான். ஓடியவர்கள் பாதிச் சாலையில் நின்று திரும்பினார்கள். குழல் மறுபடியும் ஊதியது. தப்பு அதை விரட்டிப் பிடித்தது. சந்தையே வியாபாரத்தை விட்டுவிட்டுச் சாலையின் இரண்டு பக்கமும் நின்று வேடிக்கை பார்த்தது. கடைசியில் குழல் ஊதியவனுக்கு மூச்சு வாங்கிவிட்டது. கங்காணி மீசையைத் தடவிக்கொண்டு சாப்பிடப் போனார்.

அவர் தலை மறைந்ததும் பட்டாளத்துச் சுபேதார் ஒருவர் சாலையைத் தாண்டி நேராக அழகையாவிடம் வந்தார். நரைத்த மீசை, மார்பில் இரண்டு பதக்கம்.

“நல்ல கை. உன் பேரு என்ன?”

அழகையாவுக்கு அந்தக் கேள்வி தன்னிடம்தான் கேட்கப்பட்டது என்று புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. சொன்னான்.

“அழகையா,” என்று அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். “பட்டாளத்துக்கு வர்றியா? அங்க தினமும் காலையில உன் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க.”

அழகையா தப்பைப் புளியமரத்தில் சாய்த்து வைத்தான்.

“டேய், எங்கடா போறே?” என்றான் ரெங்கசாமி. “அப்பா வந்தா தோலை உரிச்சிடுவாரு.”

“போயிட்டான்னு சொல்லிடுங்க, சின்னையா.”

ரெங்கசாமி அவனை இழுத்து வரத்தான் பின்னாலேயே போனான். அங்கே அழகையாவின் மார்பை நாடாவால் அளந்தார்கள். பல்லைப் பார்த்தார்கள். பிறகு ஒரு துப்பாக்கியைக் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். எண்ணெய் பூசிய அந்தத் துப்பாக்கி வெயிலில் மின்னியது. “நான் ஒரு தடவை பிடிச்சுப் பாக்கட்டா?” என்றான் ரெங்கசாமி. பிடித்தவன் திருப்பிக் கொடுக்கவில்லை.

வாயில் வெற்றிலையோடு கங்காணி திரும்பி வந்தபோது மரத்தடியில் தப்பு மட்டும் இருந்தது.

பட்டாளத்தில் இருவரையும் பிரித்துவிட்டார்கள். சாதி பார்த்துத்தான் கம்பெனி போட்டார்கள். பம்பாயில் கப்பல் ஏறியதும் வேறு வேறு தளத்தில். பஸ்ராவில் இறங்கியதும் வேறு வேறு கூடாரத்தில். தூரத்தில் எதிர்ப்பட்டால் ரெங்கசாமி முகத்தைத் திருப்பிக்கொள்வான். வீட்டுக்கு ஒரு வரி எழுதிப் போடவும் அவனுக்குத் துணிவு வரவில்லை. அப்பா மேல் அவ்வளவு பயம்.

மெசப்பொத்தேமியாவில் குண்டைவிட வயிற்றுப்போக்கும் வெயிலும்தான் ஆட்களை அதிகம் தின்றன. ஒவ்வொரு கம்பெனியும் வாடி வதங்கியது. அழகையாவை மட்டும் எதுவும் தொடவில்லை. மடுல்சீமைக் குளிரில் வளர்ந்த உடம்பு அந்த அடுப்பிலும் வேகாமல் நின்றது. உத்தரவைக் கேட்டால் ஒரு தடவையிலேயே பிடித்துக்கொள்வான். குரலும் பெரிது. ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குப் பேசிப் பழகிய குரல். லான்ஸ் நாயக், நாயக் என்று ஏறி, பாக்தாத் பட்டணம் விழுந்த சமயத்தில் சட்டைக் கையில் மூன்று பட்டையோடு ஹவில்தார் ஆகியிருந்தான். அந்தச் சமயத்தில்தான் மிஞ்சியிருந்த ஆட்களையெல்லாம் வாரிச் சேர்த்து ஒரே கம்பெனி ஆக்கினார்கள். சாதியைப் பிரித்துப் பார்க்கிற அளவுக்கு ஆள் இல்லை.

முதல் நாள் காலையில் ஹவில்தார் அழகையா தன் ஆட்களின் பேரைக் கூப்பிட்டான்.

“ரெங்கசாமி.”

பதில் இல்லை. வரிசையில் அவன் நிற்பது தெரிந்தது.

“ரெங்கசாமி.”

“இருக்கேன்,” என்றான், தரையைப் பார்த்துக்கொண்டே.

அன்றைக்குப் பதுங்குகுழி வெட்ட வேண்டியிருந்தது. ரெங்கசாமி மண்வெட்டியைத் தொடவில்லை. “தப்படிக்கிறவன் மகன் சொல்லி நான் குழி வெட்டணுமா?” என்று பக்கத்தில் நின்றவன் காதில் விழும்படி சொன்னான்.

அழகையா கோபப்படவில்லை. “வெட்ட வேணாம். குண்டு வரும்போது நல்லையா கங்காணி மகன்னு சொல்லிப் பாரு. அது வேற பக்கம் போனாலும் போகும்,” என்றான்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ரெங்கசாமி மண்வெட்டியை எடுத்தான். சாயங்காலம் துருக்கிக்காரர்களின் பீரங்கி பேசத் தொடங்கியபோது அவன் வெட்டிய குழிதான் எல்லாவற்றிலும் ஆழமாக இருந்தது.

சித்திரை மாதம் அது. டைகிரிஸ் ஆற்றைத் தாண்டி, தூர்ந்துபோன பழைய வாய்க்கால் ஒன்றின் கரையைப் பிடித்து வைக்கும்படி அவர்களுக்கு உத்தரவு. மண்கரை ஆள் உயரம் இருந்தது. அதற்கு முன்னால் முள்ளும் வெட்டவெளியும். எதிரி நகர்ந்தால் தெரியவேண்டும் என்று இரண்டு இரண்டு பேராக ஆட்களை வெளியில் தூரமாக உட்கார வைத்திருந்தார்கள். அன்றைக்குக் காவல் முறை ரெங்கசாமிக்கும் வந்தது. கடைசி முள்புதருக்குப் பின்னால், எல்லாரையும் விட முன்னே, அவனும் இன்னொருவனும்.

காலை வெயில் ஏறிய வேளையில் வடக்கே வானம் பழுப்பாக எழுந்து நின்றது. முதலில் மழை என்று நினைத்தார்கள். அது புழுதி. மலை ஒன்று கால் முளைத்து வருகிற மாதிரி வந்தது. “ஆளையெல்லாம் உள்ளே கூப்பிடு,” என்று கத்திக்கொண்டே கம்பெனிச் சுபேதார் கரைமேல் ஏறினார். எங்கிருந்தோ ஒரு குண்டு வந்து அவரைத் தாக்கியது. அவரை இழுத்துக் கீழே கிடத்துவதற்குள் புழுதி மேலே விழுந்து மூடிவிட்டது. நீட்டிய கை தெரியவில்லை. வாயைத் திறந்தால் மண்.

இப்போது கரையில் அழகையாதான் பெரியவன். வெளியில் இருப்பவர்கள் பாதிக்கு மேல். இந்தப் புழுதியைத் திரையாகப் பிடித்துக்கொண்டு துருக்கிக்காரர்கள் வருவார்கள் என்பது அவனுக்கு நிச்சயம். ஆட்கள் உள்ளே வராமல் சுட்டால் தன் ஆட்களையே சுட வேண்டும். சுடாமல் இருந்தால் கரை போய்விடும்.

விசில் ஊதினான். காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. குரல் கொடுத்தான். மலைக்கு மலை கேட்ட குரல் அவன் காதுக்கே கேட்கவில்லை. காலில் ஏதோ இடறியது. தண்ணீர் கொண்டுவந்த மண்ணெண்ணெய் டின், காலியாகக் கிடந்தது.

அதைத் தூக்கி இடுப்போடு அணைத்தான். கூடாரத்து முளை இரண்டு கிடைத்தன. அடித்தான்.

அவன் கை எந்த அடியைத் தேடிப் போயிற்று என்று அவன் யோசிக்கவே இல்லை. பெரட்டு அடி. எழுந்திரு, வா, வரிசையில் நில் என்கிற அடி. தகரத்தில் அது தோலைவிடக் கூர்மையாக ஒலித்தது. காற்றுக்கு அடியில் புகுந்து தரையோடு ஓடியது.

முதலில் இரண்டு பேர் தவழ்ந்து வந்து கரைமேல் விழுந்தார்கள். “எங்க ஊர்ல சாவுக்கும் சாமிக்கும் கேக்கிற சத்தம் மாதிரி கேட்டுச்சு, ஹவில்தார். திரும்பிட்டோம்,” என்றான் ஒருவன். இன்னும் மூன்று பேர் வந்தார்கள். அவர்களோடு குண்டுகளும் வந்தன. சத்தம் இரண்டு பக்கத்துக்கும் கேட்கும் அல்லவா? கரையின் உச்சி தெறித்தது. உள்ளே வந்து படுத்தவர்களில் ஒருவன் தோளைப் பிடித்துக்கொண்டு அலறினான்.

அழகையா ஒரு கணம் கையை நிறுத்தினான். பிறகு டின்னை எடுத்துக்கொண்டு கரையைத் தாண்டி வெளியே குதித்தான்.

“ஹவில்தார், எங்க போறீங்க?”

“இங்க நின்னு அடிச்சா குண்டு உங்க மேல வருது. நான் கொஞ்சம் அந்தப் பக்கம் நிக்கிறேன். சத்தத்துக்கு வர்ற ஆளை நேரா கரைக்கு அனுப்புறேன். இழுத்துப் போடுங்க.”

வெட்டவெளியில், கரையை விட்டு விலகி, நட்ட மரம் மாதிரி நின்று அடித்தான். நகரவும் முடியாது. நகர்ந்தால் வருகிறவனுக்கு வழி தப்பும். குண்டுகள் காதோரம் கீச்சிட்டுப் போயின. டின்னில் ஒன்று பட்டுத் துளைத்தது. அதன் பிறகு சத்தமே மாறிவிட்டது. இன்னொன்று இடது தோளில் அடித்தது. யாரோ பின்னால் நின்று தள்ளிய மாதிரி இருந்ததே ஒழிய வலி தெரியவில்லை. கை மட்டும் மேலே வர மறுத்தது. டின்னை முழங்காலுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு ஒற்றைக் கையால் அடித்தான். அவனுக்குள் ஏதோ கொதித்துப் பொங்கியது. பயம் இல்லை. முசிறிச் சந்தையில் பித்தளைக் குழலை விரட்டிய வெறி அது. வா, வா, வா என்று கத்திக்கொண்டே அடித்தான். புழுதிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக முளைத்து வந்தார்கள். ஒவ்வொருவன் பேரையும் கேட்டுக் கரைப்பக்கம் தள்ளினான்.

எல்லாரும் வந்தாயிற்று. கடைசி ஜோடி வரவில்லை.

அடியை நிறுத்திக் காது கொடுத்தான். காற்று. துப்பாக்கி. மறுபடி காற்று. பிறகு, வெகு மெல்லியதாக, தகரத்தில் தட்டுகிற சத்தம். தண்ணீர்க் குப்பியில் யாரோ தட்டுகிறார்கள். அதே பெரட்டு அடி. கடைசித் திருப்பம் வரை பிசகவில்லை.

அந்த நாட்டில் இருந்த அத்தனை பட்டாளத்திலும் அந்த அடியைத் தெரிந்தவன் இன்னொருவன்தான் இருக்க முடியும்.

அழகையா கரைக்கு ஓடி வந்து ஒருவனை இழுத்து டின்னைக் கொடுத்தான். “அடி. எப்படித் தெரியுமோ அப்படி அடி. நிறுத்தினா நான் திரும்பி வர முடியாது.”

குனிந்து ஓடினான். முள் கிழித்தது. குப்பிச் சத்தம் ஒருமுறை வலப்பக்கம் கேட்டது, அப்புறம் நின்றுவிட்டது. நின்ற இடத்தைக் குறிவைத்து ஓடினான். காலில் ஓர் உடம்பு தட்டியது. கூட இருந்தவன். அவன் முடிந்துபோயிருந்தான். அதற்கு அப்பால் ரெங்கசாமி, குண்டு பட்ட முழங்காலைக் கட்டிப் பிடித்தபடி, கண்ணெல்லாம் மண்ணாக.

“யாரு?” என்றான்.

“தப்படிக்கிறவன் மகன்.”

ரெங்கசாமி அவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டான். “அண்ணே,” என்றான். “அண்ணே, விட்டுட்டுப் போயிடாதீங்க.”

முதுகில் ஏற்றிக்கொண்டு அழகையா திரும்பினான். தோளிலிருந்து வழிந்த ரத்தத்தில் ரெங்கசாமியின் கை வழுக்கியது. தூரத்தில் டின் சத்தம் தாளமே இல்லாமல், தகரக்கூரையில் குரங்கு ஓடுகிற மாதிரி கேட்டது. அழகையாவுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு ஒருவன் மேல் மோதினான்.

துருக்கிச் சிப்பாய். தாடியில் மண் அப்பியிருந்தது. கையில் துப்பாக்கி. அழகையாவின் கையில் ஒன்றுமில்லை. முதுகில் ஓர் ஆள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்த மனிதனும் வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தவன்தான் என்பது அவன் கண்ணில் தெரிந்தது. உதடு வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. அழகையா இடுப்பிலிருந்த தண்ணீர்க் குப்பியை மோவாயால் காட்டினான். அவன் அதைப் பிடுங்கி ஒரே மூச்சில் குடித்தான். பிறகு துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு, டின் சத்தத்தை நோக்கி, அவர்கள் பின்னாலேயே நடந்து வந்தான்.

அவர்கள் கரைக்குள் விழவும் காற்று தணியவும் சரியாக இருந்தது. புழுதி மெல்ல இறங்கியது. எதிரே, அவர்கள் நினைத்ததைவிட வெகு கிட்டத்தில், துருக்கிக்காரர்கள் வரிசை பிடித்து வந்துகொண்டிருந்தார்கள். ஆனால் இப்போது வெளியில் நம்மாள் யாரும் இல்லை. எல்லாத் துப்பாக்கியும் கரைமேல் இருந்தது.

“என் குரலுக்குச் சுடுங்க,” என்றான் அழகையா. அவன் குரல் திரும்பி வந்திருந்தது.

மூன்று முறை வந்தார்கள். மூன்று முறையும் திரும்பிப் போனார்கள். பொழுது சாய்வதற்குள் பின்னாலிருந்து புதுப் பட்டாளம் வந்து சேர்ந்தது. கரை அவர்கள் கையில்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் தோள் ஆறியபின், ஒரு ஜெனரல் வந்து அணிவகுப்பில் அழகையாவின் மார்பில் வெள்ளிப் பதக்கத்தைக் குத்தினார். நீல ரிப்பன், நடுவில் சிவப்புக் கோடு. சக்கரவர்த்தியின் தலை ஒரு பக்கம். கரையை விட்டு ஏன் வெளியே போனாய் என்று மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டார். “கூப்பிடுறவன் கொஞ்சம் முன்னால நிக்கணும், சாப்,” என்றான் அழகையா. ஜெனரலுக்கு என்ன சொல்லி மொழிபெயர்த்தார்களோ, அவர் தலையை ஆட்டினார்.

1919இல் இருவரும் சேர்ந்தே ஊர் திரும்பினார்கள். தனுஷ்கோடியில் கப்பல், தலைமன்னாரில் ரயில், பண்டாரவளையில் ரயில் பாதை முடிந்தது. அதற்கு மேல் மாட்டுவண்டிதான். ஸ்டேஷனுக்கு வெளியே பசறைக் கடைக்காரர் ஷுக்ரி நானா சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். சட்டைக் கையில் மூன்று பட்டை போட்டவனையும், கட்டைக் கோல் ஊன்றியவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

“யா அல்லாஹ், கல்லுமலைக் கங்காணிட மகனா இது? உங்கள மௌத்தாப் போனதா நினைச்சு வீட்டில அழுது தீர்த்துட்டாங்க,” என்றார். அரிசி மூட்டைகளுக்கு நடுவே இடம் ஒதுக்கினார். வண்டி நகர்ந்த பிறகு அழகையாவின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். “உன்ட வாப்பா இப்ப தப்பு அடிக்கிறதில்ல, தம்பி. மகனை இழுத்துட்டுப் போனது நீதான்னு கங்காணிக்கு ஆத்திரம். சடையனை மேல் மலையில தண்ணி ஓடுற கான் வெட்டப் போட்டுட்டாரு. அந்த வயசுல.”

பதுளை வந்தது. ராத்தங்கிப் பசறைக்குப் போனார்கள். அங்கிருந்து மலை. பாதை கெட்ட இடத்தில் வண்டி நின்றுவிட்டது. அழகையா ரெங்கசாமியை முதுகில் ஏற்றிக்கொண்டு குறுக்குப் பாதையில் நடந்தான். தேயிலைக்கு மேலே மூடுபனி கலைந்துகொண்டிருந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியது. லயத்துக் கூரைகள் தெரிந்தன.

“இறக்கி விடுங்க, ஹவில்தார்,” என்றான் ரெங்கசாமி. “அப்பா பாப்பாரு.”

அழகையா இறக்கிவிட்டான். நெஞ்சில் எங்கோ ஒரு முள் ஏறியது. புழுதிக்குள் அண்ணே என்று அழைத்த வாய், இந்த லயத்துக்கு முன்னால் என்ன சொல்லும்? அவன் பின்தங்கி நடந்தான்.

கொழுந்து நிறுக்கிற நேரம் அது. முதலில் பார்த்தது கூடையோடு நின்ற பெண்கள். யாரோ கூவ, நிறுவையை விட்டுவிட்டு எல்லாரும் ஓடி வந்தார்கள். கங்காணி வீட்டு முற்றத்துக்குப் போவதற்குள் பின்னால் தோட்டமே திரண்டுவிட்டது. கங்காணியின் மனைவி பெரியாயி மகனைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் தடவி, காலைத் தடவி அழுதாள். கங்காணி நல்லையா கதவைப் பிடித்தபடி நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. உள்ளே போய்த் தம்முடைய சாய்வு நாற்காலியைத் தாமே இழுத்து வந்து போட்டார்.

“உக்காருப்பா.”

ரெங்கசாமி உட்காரவில்லை. கோலை ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி, நல்ல காலை அழுத்தி விறைப்பாக நின்றான்.

“உக்காருடா. கால் நடுங்குது பாரு.”

“ஹவில்தார் நிக்கிறாரு,” என்றான்.

“யாரு?”

ரெங்கசாமி திரும்பிப் பார்த்தான். முற்றத்தின் ஓரத்தில், படிக்குக் கீழே, அழகையா நின்றுகொண்டிருந்தான். எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது.

“அவர் உக்காராம நான் உக்கார முடியாதுப்பா. பட்டாளத்துச் சட்டம் அது. மீறினா ராஜா தண்டிப்பாரு.”

அப்படி ஒரு சட்டம் எந்தப் பட்டாளத்திலும் கிடையாது. அது அழகையாவுக்குத் தெரியும். சொல்கிறவனுக்கும் தெரியும். நெஞ்சில் ஏறிய முள் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

கங்காணி மகனைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். ரெங்கசாமியின் கால் இப்போது நன்றாகவே ஆடியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

“என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?” என்றாள் பெரியாயி புருஷனிடம். “என் புள்ள விழுந்துடுவான். அந்தப் புள்ளைக்கும் ஒண்ணு எடுத்துப் போடுங்க.”

கங்காணி அசையவில்லை. பெரியாயி உள்ளே போனாள். மரப் பெஞ்சு ஒன்றின் முனையைப் பிடித்து வாசல் வரை இழுத்தாள். அது வாசற்படியில் சிக்கிக்கொண்டது. அவளால் தூக்க முடியவில்லை. கடைசியில் கங்காணிதான் போய் மறுமுனையைப் பிடித்துத் தூக்க வேண்டியதாயிற்று. முற்றத்தின் நடுவில் போட்டார். தோளிலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“வந்து உக்காருங்க,” என்றார்.

அழகையா படியேறி வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

“ரெங்கசாமி, உக்காரு,” என்றான்.

ரெங்கசாமி உட்கார்ந்தான். கூட்டத்தில் யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டாள். சிரிப்பு தொற்றிக்கொண்டது. பெரியாயி அழுதுகொண்டே சிரித்தாள். அதன் பிறகு ரெங்கசாமியை நிறுத்த முடியவில்லை. புழுதி, டின், குப்பி, துருக்கிக்காரன் எல்லாவற்றையும் கையையும் கோலையும் ஆட்டிச் சொன்னான். “எந்தப் பக்கம் என்னன்னே தெரியலப்பா. காதுல நம்ம தோட்டத்துப் பெரட்டு கேக்குது. செத்துப் போயித் தோட்டத்துக்கு வந்துட்டேன்னு நெனச்சேன். பெரட்டுக்கு நேரமாச்சுன்னு பதறிப் போய்க் குப்பியில தட்டினேன்.” கங்காணி குறுக்கிடாமல் கேட்டார். தோளில் குண்டு பட்ட இடம் வந்தபோது மட்டும், கொஞ்சம் இருக்கச் சொல்லி, அழகையாவின் தோளைப் பார்த்தார்.

கதை முடிவதற்குள் மேல் மலையிலிருந்து சடையனும் வேலாயியும் ஓடி வந்துவிட்டார்கள். சடையனின் முழங்கால் வரை சேறு. கங்காணி வீட்டுப் பெஞ்சில் மகன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவனுக்கு உயிரே போய்விட்டது.

“எறங்குடா, எறங்கு,” என்று கையை ஆட்டினான்.

அழகையா எழுந்து போய் அப்பாவுக்கு முன்னால் பூட்ஸ் சத்தம் கேட்க நின்று ஒரு சல்யூட் வைத்தான். சடையனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மண்வெட்டியை வேலாயியிடம் கொடுத்துவிட்டு மகனின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். வேலாயி, “அழகையா, அழகையா,” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

“சடையா,” என்றார் கங்காணி. “நாளையிலேருந்து கான் வேலைக்குப் போக வேணாம்.”

“தப்புக்கும் வரலீங்க,” என்றான் அழகையா, அப்பா வாயைத் திறப்பதற்குள். குரலில் கடுமை இல்லை. “பண்டாரவளையிலேருந்து பதுளைக்கு ரயில் பாதை போடுறாங்க. ஆளை வச்சு வேலை வாங்கத் தெரிஞ்சவன் வேணும்னு வழியில சொன்னாங்க. அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போறேன்.”

அவர்களைத் தோட்டத்திலிருந்து விடுவிக்கும்படி துரையிடம் தாமே பேசுவதாகக் கங்காணி சொன்னார். பேசவும் செய்தார்.

அந்தப் பாதை பதுளைக்கு வந்து சேர ஐந்து வருஷம் பிடித்தது. மலையைக் குடைந்தும் பள்ளத்தைப் பாலம் போட்டுத் தாண்டியும் வந்தார்கள். அழகையாவின் ஆட்கள் அவனை ஹவில்தார் என்றே கூப்பிட்டார்கள். முதல் ரயில் வருகிற அன்று பதுளையில் நிற்க இடமில்லை. கடைத்தெருச் செட்டியார்களும், மடுல்சீமை, பூனாகலைத் தோட்டத்துச் சனங்களும், பக்கத்துக் கிராமத்துச் சிங்களக் குடும்பங்களும் தண்டவாளத்தின் ஓரமெல்லாம் அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஷுக்ரி நானா மூட்டைமேல் ஏறி நின்றார். ரெங்கசாமி கோலை ஊன்றிக்கொண்டு, மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டி வந்திருந்தான்.

வளைவில் புகை தெரிந்ததும் கூட்டம் முன்னே நெருக்கியது. “அண்ணே, வருது,” என்று ரெங்கசாமி அழகையாவின் தோளை உலுக்கினான், எல்லாரும் கேட்க. சடையன் அவர்களுக்கு முன்னால் நின்று, கையை நெற்றியில் வைத்து, வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். எஞ்சின் ஊதியது. பிள்ளை வீரிட்டு அழுதது. சடையன் திரும்பி அதைக் கையில் வாங்கிக்கொண்டு, இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று தூக்கிப் பிடித்தான்.